மாமாவின்ர டிடி 214: விடுபட்ட பதக்கங்களைப் பதிவில ஏத்துறது எப்பிடி?

வணக்கம் எல்லாருக்கும். இண்டைக்கு ஊர் சுத்திக் காட்டுற வீடியோ இல்லை. திருகோணமலையில எங்கட வீட்டு விறாந்தையில இருந்துதான் கதைக்கிறன், றோட்டுச் சத்தம் கொஞ்சம் கேக்கும், பொறுத்துக் கொள்ளுங்கோ. அமெரிக்க ராணுவத்தில இருந்து வந்த ஒருத்தரின்ர சேவைப் பதிவில பதக்கங்கள் விடுபட்டுப் போனா, அதை எப்பிடித் திருத்துறது எண்டதுதான் விஷயம். என்ர தாய்மாமாவுக்காக இந்த அலுவலை நான்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறன்.

படை, பதக்கம் எண்டா எங்கட பக்கத்து ஆக்களுக்கு என்னென்ன நினைவு வரும் எண்டு எனக்குத் தெரியும். அதைச் சின்ன விஷயமா நான் நினைக்கேல்லை. மாமாவின்ர கதை வேற. கிறீன் காட் லொட்டரி விழுந்து அமெரிக்காவுக்குப் போனவர், 2002 ஜனவரியில மூண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வச்சு ராணுவத்தில சேர்ந்தவர். லொறி ட்றைவர். 2003இல ஈராக்குக்கு அனுப்பிப்போட்டினம். பலத் எண்ட இடத்துப் பெரிய தளத்தில இருந்து எண்ணெயும் சாப்பாடும் ஏத்திக்கொண்டு கொன்வோயில ஓடினவர். குடியுரிமையும் அந்தச் சேவையாலதான் கெதியாக் கிடைச்சது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பணியில இருந்த வெளிநாட்டவை காத்திருக்காமலே விண்ணப்பிக்கலாம் எண்டு 2002 ஜூலையில ஜனாதிபதி புஷ் ஆணை போட்டவர். 2005 ஜனவரியில மாமா விலகீட்டார்.

விலகேக்க ஒரு தாள் குடுப்பினம், அதுக்குப் பேர் டிடி 214. கேமராவைக் கிட்டக் கொண்டு வாறன், பாருங்கோ. இந்த இடத்தில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறன், அது அவரின்ர சோஷல் செக்யூரிட்டி இலக்கம், எங்கட அடையாள அட்டை இலக்கம் மாதிரி. இந்தத் தாளை மறைக்காமல் ஒருத்தரும் ஃபேஸ்புக்கில போடாதேங்கோ. இதில 13ஆம் பெட்டியைப் பாருங்கோ. பதக்கம், பட்டி, பட்ஜ் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான் வரவேணும். ஒண்டுக்கும் மற்றதுக்கும் நடுவில ரெண்டு சரிவுக்கோடு. முடியிற இடத்தில ‘நத்திங் ஃபாலோஸ்’ எண்டு அடிச்சிருக்கு, இதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை எண்டு. மாமாவுக்கு மூண்டே மூண்டுதான்: நேஷனல் டிஃபென்ஸ் பதக்கம், பயங்கரவாத எதிர்ப்புப் போர்ச் சேவைப் பதக்கம், ஆர்மி சேர்விஸ் றிபன். ஒரு முழு வருஷம் ஈராக்கில லொறி ஓடின மனுஷனின்ர தாளில ஈராக் பதக்கம் இல்லை!

இதில ஆரும் வேணுமெண்டு வஞ்சகம் செய்ததாத் தெரியேல்லை. விலகுற நாளில கோப்பில என்ன இருந்ததோ, அதைத்தான் கிளாக் அடிச்சிருக்கிறார். ஈராக் போர்ப் பதக்கத்துக்கான ஆணையே 2004 நவம்பர் கடைசியிலதான் வந்தது. மாமா விலகினது 2005 ஜனவரியில, அதுக்கிடையில கோப்பில ஏறேல்லை. படைப்பிரிவுகளுக்குக் குடுக்கிற பாராட்டுகள் இன்னும் பிந்தித்தான் வரும். ஆக்கள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் உத்தரவு வெளியாகும், ஏற்கெனவே குடுத்த தாளை ஒருத்தரும் திருப்பி எடுத்துத் திருத்தமாட்டினம்.

இனித்தான் முக்கியமான இடம். எல்லாப் பதக்கமும் ஒரு சாதி இல்லை. சிலதுக்கு, நீங்கள் இந்தத் திகதிக்கு இந்த இடத்தில இருந்தீங்கள் எண்டு காட்டினாக் காணும். ஈராக் பதக்கம் அப்பிடித்தான்: 2003 மார்ச் 19க்கும் 2011 டிசம்பர் 31க்கும் இடையில தொடர்ந்து 30 நாள், இல்லாட்டி விட்டுவிட்டு 60 நாள். ஒரு ஆள் பார்த்துச் சிபாரிசு செய்தால்தான் கிடைக்கும் எண்ட சாதி வேற, பிரோன்ஸ் ஸ்டார் மாதிரி. அதுக்குக் கண்ட சாட்சி வேணும், பழைய சிபாரிசு வேணும், காலம் கடந்திட்டா அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருத்தரூடாத்தான் அனுப்ப வேணும். கன பேர் ரெண்டையும் ஒரே கடிதத்தில கலந்து, நான் இவ்வளவு கஷ்டப்பட்டனான் எண்டு எழுதிப்போட்டுக் காத்திருக்கினம். அது சரிவராது. லேசாக் கிடைக்கக்கூடியதை முதல் தனியாக் கேளுங்கோ.

இனி ஆதாரத்துக்கு வருவம். மாமா தன்ர சான்றிதழ்கள், உத்தரவுத் தாள்கள் எல்லாத்தையும் பத்திரமா இருக்கட்டும் எண்டு திருக்கடலூரில இருந்த அம்மம்மாவுக்கு அனுப்பினவர். அம்மம்மா அலுமாரியில துணிக்கு அடியில வச்சிருந்தவா. 2004 டிசம்பர் 26 சுனாமியில அலுமாரியே போயிட்டுது. அம்மம்மா தப்பினதே பெரிய காரியம், அந்த நேரம் தாளை ஆர் தேடினது?

அவரிட்ட மிஞ்சினது சம்பளத் துண்டுகள். மாசாமாசம் குடுக்கிறது, எல்ஈஎஸ் எண்டு சொல்லுவினம். வீட்டுக்குக் காசு அனுப்பின கணக்குக்காக ஒரு கோப்புக்குள்ள அடுக்கி வச்சிருந்தவர். நான் ஒவ்வொண்டா விரிச்சுப் பார்த்துக்கொண்டு போகேக்க ஒரு வரி கண்ணில பட்டது: ஹொஸ்டைல் ஃபயர் பே, 225 டொலர். சண்டை நடக்கிற இடத்தில இருக்கிற ஆளுக்கு மாசம் குடுக்கிற மேலதிகக் காசு அது. எந்த மாசம் தொடங்கினது, எந்த மாசம் நிண்டது எண்டு தாளே சொல்லுது. அரசாங்கம் தன்ர கையால காசு குடுத்திருக்கு, அதுக்குப் பிறகு அந்த ஆள் அங்க இல்லை எண்டு என்னெண்டு சொல்லுறது? உங்கட வீட்டில பழைய சம்பளத் துண்டு இருந்தா தயவு செய்து எறியாதேங்கோ.

கோப்பின்ர முழுப் பிரதியையும் எடுக்க வேணும். அதுக்கு எஸ்எஃப் 180 எண்ட படிவம். மிசூரி மாநிலத்தில செயின்ட் லூயிஸ் எண்ட ஊரில இருக்கிற தேசிய ஆளணிப் பதிவு நிலையத்துக்குப் போகும். அங்க 1973 ஜூலை 12இல பிடிச்ச தீயில ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேல கோப்பு எரிஞ்சது. 1912க்கும் 1960க்கும் இடையில ராணுவத்தால விலகினவைக்குத்தான் பெரிய அடி, மாமாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. படிவத்தை நிரப்புறது நானா இருந்தாலும் கையெழுத்து மாமாவின்ரதுதான். மருமகளுக்கு அந்த உரிமை இல்லை. ஆள் உயிரோட இல்லாட்டியும் துணை, பிள்ளையள், பெற்றோர், சகோதரங்கள் மாதிரி நெருங்கின உறவுக்குத்தான் அந்த உரிமை போகும். அதாலதான் சொல்லுறன், ஆள் இருக்கேக்கயே செய்யுங்கோ.

கோப்பு வந்தாப் பிறகு கென்டக்கியில ஃபோர்ட் நொக்ஸில இருக்கிற ராணுவ ஆளணிக் கட்டளையகத்துக்கு எழுத வேணும். அவை ஒத்துக்கொண்டா புது 214 அடிச்சுத் தரமாட்டினம், டிடி 215 எண்ட திருத்தத் தாள் வரும். அதைப் பழைய தாளோட சேர்த்து வைக்கிறது. அவை ஏலாது எண்டால்தான் டிடி 149 படிவத்தோட ராணுவப் பதிவுத் திருத்தச் சபைக்குப் போறது. பிழையைக் கண்டுபிடிச்சு மூண்டு வருஷத்துக்குள்ள கேக்க வேணும் எண்டது சட்டம், ஆனா நியாயம் இருந்தா அந்தக் கெடுவைத் தளர்த்துற அதிகாரமும் சபைக்கு இருக்கு. சபை தானா விசாரிக்கப் போகாது. நீங்கள் வைக்கிற ஆதாரத்தைத்தான் பார்க்கும்.

மாமாவுக்கு ஈராக் பதக்கமும் மூண்டு வருஷ நன்னடத்தைப் பதக்கமும் 215இல ஏறி வந்திட்டுது. பதக்கமும் முதல் தரம் இலவசமாத்தான் அனுப்புவினம். நாங்கள் எடுத்துத் தாறம், காசு கட்டுங்கோ எண்டு இணையத்தில வாறவைக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ. படைப்பிரிவுப் பாராட்டு இன்னும் நிக்குது. அதில ஒரு நுணுக்கம் இருக்கு. மாமா பட்டாலியன் பேரைச் சொல்லுறார், பாராட்டு சில நேரம் அதுக்குள்ள இருக்கிற கொம்பனி எண்ட ஒரு சின்னப் பிரிவுக்கு மட்டும்தான் வரும். கொம்பனி இலக்கமும் திகதியும் உத்தரவோட பொருந்தவேணும்.

பெரிய விஷயம் கொம்பாட் அக்ஷன் பட்ஜ். எதிரியின்ர தாக்குதலுக்கு நேரடியா ஆளான, காலாட்படை இல்லாத ஆக்களுக்கு எண்டு 2005இல உருவாக்கினது, மாமா விலகின பிறகு. ஆனா 2001 செப்டம்பர் 18 வரைக்கும் பின்னோக்கிச் செல்லும். மாமாவின்ர லொறிக்கு முன்னால றோட்டில குண்டு வெடிச்சு, பிறகு ரெண்டு பக்கத்தாலயும் சுட்டிருக்கினம். காயம் இல்லை, அதால பேர்ப்பிள் ஹார்ட் கேக்கேலாது. “விடு பிள்ளை, அந்தத் தகரத்தை வச்சு நான் என்ன செய்யிறது?” எண்டுதான் மாமா சொல்லுறவர். நான் விடமாட்டன். அவருக்கு இண்டைக்கும் ராத்திரி நித்திரை இல்லை. போர் மன அழுத்தத்துக்கு அங்கத்தைய முன்னாள் படைவீரர் திணைக்களத்தில நட்டஈடு கேட்டா, இந்த பட்ஜ் இருக்கிற ஆளிட்ட ‘அந்தத் தாக்குதல் நடந்ததுக்கு என்ன சாட்சி’ எண்டு திருப்பிக் கேக்கிறது குறைவு. இங்க இருந்தும் அந்தக் காசை வாங்கலாம். மருந்துக்குச் சிலவழிக்கிற குடும்பத்துக்கு அது சும்மா தகரமில்லை.

ஒண்டை இடையில சொல்லவேணும். திருகோணமலை எண்டபடியா, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போடேக்க எங்கட தாத்தா பிரிட்டிஷ் கடற்படையில நிண்டவர், அவருக்கும் கேக்கலாமோ எண்டு சில பேர் நினைப்பீங்கள். அதுக்கு இந்தப் படிவங்கள் உதவாது, அது பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சின்ர பதக்க அலுவலகத்தோட போற அலுவல்.

இப்ப எங்களுக்குத் தேவை கண்ட சாட்சி. மாமாவோட அந்த லொறியில பக்கத்து சீற்றில இருந்த மற்ற ட்றைவரைத் தேடுறம். கோப்பில இருந்த ஒரு பயண உத்தரவில அந்தக் கொம்பனி ஆக்களின்ர பேர் வரிசையா இருக்கு, அதில ரெண்டு பேருக்கு மாமா எழுதியிருக்கிறார். நடந்ததைத் திகதி, இடம், தாங்கள் நிண்ட தூரம் எல்லாம் போட்டு, தங்கட கையெழுத்தோட அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கு. பதில் வந்தா அதை பட்ஜுக்கான விண்ணப்பத்தோட எப்பிடி இணைக்கிறது எண்டு அடுத்த வீடியோவில காட்டுறன்.