இருண்ட மானிட்டர்: பழுது எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். பொத்தானை அழுத்திய பிறகும் கணினித் திரை இருண்டே கிடந்தால், மானிட்டர் போய்விட்டது என்று நாம் உடனே முடிவுகட்டிவிடுகிறோம். மின்சாரமே வராமலிருக்கலாம்; கணினியிலிருந்து படம் வராமலிருக்கலாம்; படம் வந்தும் திரைக்குப் பின்னுள்ள பேக்லைட் எரியாமலிருக்கலாம். இவற்றுள் எது என்பதை ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும்.

முதலில் மானிட்டரின் விளிம்பிலுள்ள சிறு விளக்கைப் பாருங்கள். அது எரியவே இல்லையென்றால் சுவிட்ச், பிளக், பவர் கேபிள் ஆகியவற்றைச் சோதியுங்கள். பல மானிட்டர்களுக்கும் சிபியு பெட்டிக்கும் ஒரே வகைக் கேபிள்தான் என்பதால், இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்த்தாலே கேபிளின் நிலை தெரிந்துவிடும்.

விளக்கு எரிகிறது, ஆனால் மஞ்சளாகவோ விட்டுவிட்டோ எரிகிறது என்றால், மானிட்டர் பெரும்பாலும் படத்துக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. கணினியிலிருந்து படத்தைக் கொண்டுவரும் ஹெச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளேபோர்ட் கேபிளை மானிட்டரிலிருந்து கழற்றிவிட்டு, மானிட்டரை மட்டும் அணைத்து மீண்டும் போடுங்கள். சிக்னல் இல்லை என்றோ கேபிளைச் சரிபார்க்கவும் என்றோ ஓர் அறிவிப்பு திரையில் தோன்றினால், மானிட்டரின் மின்பகுதியும் பேக்லைட்டும் வேலை செய்கின்றன. குறை பெரும்பாலும் கேபிளிலோ கணினியிலோ இருக்கிறது. சில மானிட்டர்கள் இந்த அறிவிப்பைச் சில நொடிகள் மட்டுமே காட்டிவிட்டு உறங்கிவிடும் என்பதால், கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். பழுது நீக்குவோரிடம் தூக்கிச் செல்லும் முன் இந்த ஒரு சோதனையையாவது செய்துவிட வேண்டும் என்பேன்.

குறை கணினிப் பக்கம் என்று தெரிந்தால், படத்தை உருவாக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில், கேபிளை அந்தக் கார்டின் துளையில் செருகாமல் தவறுதலாக மதர்போர்டின், அதாவது கணினியின் முதன்மைப் பலகையின், துளையில் செருகியிருக்கிறோமா என்று பாருங்கள். இது வியப்பூட்டும் அளவுக்கு அடிக்கடி நடக்கிறது. மானிட்டரின் மெனுவில் சரியான உள்ளீடு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கீபோர்டில் கேப்ஸ்லாக் விளக்கு அழுத்தும்போதெல்லாம் மாறினால் கணினி இயங்குகிறது. மாறவில்லையென்றால், கணினிக்குள் உள்ள நினைவகமான ரேம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதிலிருந்து தேடத் தொடங்கலாம். நிறுவனத்தின் சின்னம் தோன்றி, விண்டோஸ் ஏறும் நேரத்தில் மட்டும் திரை இருண்டால், மானிட்டர் தாங்காத ரெசல்யூஷனோ (படத்தின் புள்ளிகளின் எண்ணிக்கை) ரெஃப்ரெஷ் ரேட்டோ (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது) அமைக்கப்பட்டிருக்கலாம், அல்லது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் கெட்டிருக்கலாம். அடிப்படை அமைப்புகளோடு மட்டும் விண்டோஸ் இயங்கும் சேஃப் மோடில் நுழைந்து இவற்றைத் திருத்தலாம்.

மானிட்டரே பழுது என்றால் அது வெளிப்படும் விதம் பலவகை. படம் வந்து இரண்டொரு நொடியில் மறைந்துவிடுகிறதா? அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையின் மீது சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐகான்களோ எழுத்துகளோ மங்கலாகத் தென்பட்டால், படம் உள்ளே இருக்கிறது, பேக்லைட்தான் அணைந்திருக்கிறது. எல்இடி வருவதற்கு முன்பிருந்த எல்சிடி மானிட்டர்களில் மெல்லிய குழல்விளக்குகள் இருந்தன. அவற்றில் ஒன்று தேய்ந்தாலும், அவற்றுக்கு உயர் மின்னழுத்தம் தரும் இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் அணைத்துவிடும்; அதனால்தான் திரை ஒரு கணம் மின்னிவிட்டு இருண்டது.

குளிர்ந்திருக்கும்போது பலமுறை அழுத்தினால்தான் ஒளிர்வதும், ஒருமுறை சூடேறிவிட்டால் ஒழுங்காக ஓடுவதும் வேறு கதை. மின்பகுதியில் மின்னேற்றத்தைச் சேமிக்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்கள் வறண்டு திறன் இழப்பதே இதற்கு வழக்கமான காரணம்; கெட்டவை பல வேளைகளில் மேற்புறம் உப்பியிருக்கும். 2000-களின் தொடக்கத்தில் தயாரான பல மின்னணுக் கருவிகளில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் இப்படிக் கெட்டன. இவற்றின் விலை மிகக் குறைவு. கைதேர்ந்தவர் மாற்றினால் மானிட்டர் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். படம் காட்டும் பேனலே உடைந்திருந்தால் மட்டும் புதியது வாங்குவதே மேல்.

ஆனால் மானிட்டரின் மூடியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பின்புறம் பருத்த பழைய குழாய் (சிஆர்டி) மானிட்டரில் அது பல்லாயிரம் வோல்ட் வரை இருக்கக்கூடும். பழுது பார்ப்பவரிடம் போகும்போது விளக்கின் நிறம், கேபிளைக் கழற்றியபோது வந்த அறிவிப்பு, டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது ஆகியவற்றைச் சொல்லுங்கள். எந்தப் பலகையைத் திறக்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிடும். வணக்கம்.