எருமைக்குக் கருப்பை திருகிக்கொண்டால்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பாகூர், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் எருமை வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஏன் டாக்டர் இன்னும் பருவத்துக்கே வரல?" என்பதுதான். பல நேரம் அது வந்து, போயும் இருக்கும். பசு கத்தி ஊரைக் கூட்டிவிடும். எருமை வாயைத் திறக்காது. ஊமைப் பருவம் என்கிறோமே, அது இதுதான்.

21 நாளுக்கு ஒருமுறை வரும், பெரும்பாலும் ராத்திரியிலோ விடியற்காலையிலோ. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடும், பால் குறையும். கண்ணாடி மாதிரி வழும்பு, பசுவுக்குப் போல எப்போதும் தொங்காது. படுத்து எழுந்த இடத்தில்தான் கிடக்கும். படுக்கப்போகும் முன்னும் விடியலிலும் டார்ச் அடித்து அந்தத் தரையைப் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பருவமே அடங்கிவிடுவதும் உண்டு. குட்டை இல்லாத வீட்டில் பைப்பு பிடித்தாவது உடம்பை நனையுங்கள்.

சினை ஊசி போட்ட தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். பசுவுக்கு 280 நாள் என்றால் எருமைக்குச் சுமார் 310 நாள். பசுக் கணக்கில் பார்த்து "நாள் தாண்டிப்போச்சு" என்று பதறி ஓடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட மோசம், நிஜமாகவே நாள் நெருங்கி எருமை தவிக்கும்போது "இன்னும் நாள் இருக்கு" என்று உட்கார்ந்திருப்பது.

ஏனென்றால், அந்தத் தவிப்பு கருப்பை முறுக்காக இருக்கலாம். துணிப்பையின் வாயைத் திருகினால் உள்ளே இருக்கும் பொருள் வெளியே வராது அல்லவா? அதுபோல, கன்றோடு கனத்த கருப்பை ஒரு பக்கம் புரண்டு திருகிக்கொள்ளும். பசுவைவிட எருமையில் இது அதிகம். படுக்கும், எழும், வயிற்றை உதைக்கும், தீனி எடுக்காது. முக்குவது போல் இருக்கும், பிறகு நின்றுவிடும். தண்ணிக்குடம் மட்டும் வராது.

பெருமாள் ஏரிப் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் நாள் சாயங்காலம். "வாயு பிடிச்சிருக்கும்னு கஷாயம் குடுத்தோம் சார்" என்றார் அந்த அம்மா. கையை விட்டுப் பார்த்தேன். பாதை திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு போனது. எருமையைத் திருகிய பக்கமாகவே படுக்க வைத்து, விலாவில் பலகை வைத்து ஓர் ஆள் ஏறி நிற்க, கால்களைக் கட்டி அதே பக்கமாக உருட்டினோம். கருப்பை பலகைக்கு அடங்கி நிற்க, உடம்பு சுற்றி வந்து திருகல் விட்டது. தாய் பிழைத்தது. கன்று உள்ளேயே செத்துப்போயிருந்தது. முதல் நாளே கூப்பிட்டிருந்தால் இரண்டையும் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது. பார்க்க எளிதாகத் தெரிகிறதென்று நீங்களே உருட்டிவிடாதீர்கள். பக்கம் மாறினால் திருகல் இன்னும் இறுகும். நாள் கடந்தால் உருட்டியும் பயன் இருக்காது, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும்.

ஈன்ற பிறகு நஞ்சுக்கொடி விழாமல் தொங்கினால் செங்கல், பழஞ்செருப்பு கட்டித் தொங்கவிடுவதும் நம் ஊரில் நடக்கிறது. வேண்டாம். கொடி பாதியில் அறுந்து உள்ளே அழுகும், சில சமயம் கருப்பையே வெளியே தள்ளும். 12 மணி நேரம் பார்த்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், சினையைக் கலைத்துக் கன்று வீச வைக்கும் புருசெல்லா நோய் மனிதருக்கும் ஒட்டும்.

தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் செய்யலாம். யாரைக் கூப்பிட்டாலும் மூன்றைச் சொல்லுங்கள்: சுவரில் இருக்கும் தேதி, தவிப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது, தண்ணிக்குடம் உடைந்ததா இல்லையா. எதைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று அதை வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்வோம்.