ஆறில் ஒரு பங்கு உலகம்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

வளர்ந்த ஒருவர் கடையில் நின்று ஒரு பொம்மையை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தால், அருகில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்தக் குழந்தைக்கு வாங்குகிறீர்கள்?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. உறவுக்காரக் குழந்தையின் பிறந்தநாள் என்று ஏதோ ஒரு காரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். எனக்காகத்தான் வாங்குகிறேன் என்பதை இப்போது தயக்கமின்றிச் சொல்கிறேன். ஃபேஷன் பொம்மைகளைச் சேர்ப்பது, அவற்றுக்கு உடை தைப்பது, அவற்றைப் புகைப்படம் எடுப்பது என்று என் ஓய்வு நேரத்தின் பெரும்பகுதி கழிகிறது. அந்த ஈடுபாட்டைப் பற்றி, குறிப்பாகக் கேமரா அதற்குள் வந்த பிறகு நான் கற்றுக்கொண்டவற்றைப் பற்றி, உங்களோடு பேச விரும்புகிறேன்.

நாகரிக உடை அணிந்த பொம்மை முதலில் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதன்று. ஃபேஷன் இதழ்கள் பரவுவதற்கு முன், பாரிஸ் நகரத்தின் புதிய உடையமைப்புகள் பொம்மைகளுக்கு அணிவிக்கப்பட்டுத்தான் ஐரோப்பாவின் பிற அரசவைகளுக்குச் சென்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்து அளவெடுத்தவர்கள் தையற்கலைஞர்களும் அரச குடும்பத்துப் பெண்களும்தான். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், துணிக்கே பஞ்சம் நிலவிய காலத்தில், பாரிஸின் பெரிய உடை நிறுவனங்கள் ஒன்றுகூடி, மனித உயரத்தில் மூன்றில் ஒரு பங்குள்ள கம்பிப் பொம்மைகளுக்குத் தங்கள் புதிய உடைகளைத் தைத்து, 1945-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு கண்காட்சி நடத்தின. ‘தியாத்ர் த லா மோத்’ என்பது அதன் பெயர். அந்த உடைகளில் பொத்தான்களைக் கழற்றி மாட்டலாம். உள்பக்கம் முறையாக லைனிங் தைக்கப்பட்டிருக்கும். அந்தப் பொம்மைகள் இன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மேரிஹில் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நமக்கு நன்கு தெரிந்த பார்பியின் கதையும் பெரியவர்களிடமிருந்தே தொடங்குகிறது. ஜெர்மனியில் ஒரு நாளிதழின் கேலிச்சித்திரத் தொடரில் வந்த லில்லி என்ற பாத்திரம் 1955-இல் பொம்மையாக வெளிவந்தபோது, அது பெரியவர்களுக்கான பொருளாகவே விற்கப்பட்டது. ஐரோப்பியப் பயணத்தின்போது அதைக் கண்ட ரூத் ஹேண்ட்லர், தம் மாட்டெல் நிறுவனத்தின் வழியாக 1959-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பியை அறிமுகம் செய்தார். கறுப்பு வெள்ளைக் கோடுபோட்ட நீச்சலுடை, குதிரைவால் கொண்டை, ஓரக்கண் பார்வை, மூன்று டாலர் விலை. ஆகவே, குழந்தைகளின் பொருளைப் பெரியவர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால், வரலாறு ஏறக்குறைய அதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது என்று நான் பணிவோடு பதில் சொல்வேன்.

பார்பியின் உயரம் பதினொன்றரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 29 சென்டிமீட்டர். அதை ஆறால் பெருக்கினால் நல்ல உயரமான ஒரு பெண்ணின் உயரம் வரும். அதனால் இந்தப் பொம்மைகளின் உலகத்தை ஆறில் ஒரு பங்கு உலகம் என்கிறோம். நாற்காலி, தேநீர்க் கோப்பை, கைப்பை, செருப்பு என்று எதைச் செய்தாலும், ஆறால் வகுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். சேர்ப்பவராக மட்டும் இருந்த காலத்தில் இந்தக் கணக்கு எனக்கு ஒரு தகவலாகவே இருந்தது. பொம்மைகளை அலமாரியில் வரிசையாக நிறுத்தி, தூசு தட்டி, ஆண்டையும் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். புகைப்படம் எடுக்கத் தொடங்கிய நாளில்தான், உலகத்தில் எவையெல்லாம் ஆறால் வகுபடும், எவையெல்லாம் வகுபடாது என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இன்றுவரை அது என்னை விடவில்லை.

துணி அவ்வளவு எளிதில் வகுபடாது. நாம் அணியும் ஜீன்ஸ் துணி ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், பொம்மைக்கு அது ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பளம். அதில் கால்சட்டை தைத்தால் அவளால் உட்காரவே முடியாது. வாயில் எனப்படும் மெல்லிய துணியும் பட்டும்தான் பொம்மைக்கு உகந்தவை. அவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் உடலில் பாவாடை மடிப்பு மடிப்பாக விழுவதற்குக் காரணம் துணியின் சொந்த எடை. அதே துணியைச் சிறு துண்டாக வெட்டிவிட்டால், விறைப்பு அப்படியே இருக்கிறது, தொங்குவதற்கான எடை மட்டும் குறைந்துவிடுகிறது. அதனால் பாவாடை குடைபோல விரிந்து நிற்கும். இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி, தைத்த பாவாடையைப் பொம்மைக்கு அணிவித்து, தண்ணீர் தெளித்து, மடிப்புகளைக் கையால் நீவி, மெல்லிய நூலால் கால்களோடு சேர்த்துச் சுற்றிக்கட்டி, ஓரிரவு காயவைப்பது. காலையில் நூலைப் பிரித்தால் துணி கீழ்நோக்கி விழக் கற்றுக்கொண்டிருக்கும். கையால் தைக்கும்போது தையலின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தையல் நம் கண்ணுக்கு நேர்த்தியானது, ஆனால் படத்தில் அது சாக்கு தைத்ததுபோலத் தெரியும்.

தண்ணீர் சற்றும் வகுபடாது. மழையில் நனைந்து நிற்கும் பெண்ணாக ஒரு பொம்மையைப் படமெடுக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஒரு மழைநாளில் அவளை வெளியே வைத்துப் பார்த்தேன். அவள் கன்னத்தில் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளி நின்றது. ஆறால் பெருக்கிப் பாருங்கள். ஒரு பெண்ணின் கன்னத்தில் கோலிக்குண்டு ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. அந்தத் துளிக்குள் அவளுடைய கண்ணிமையின் சாயம் தலைகீழாகத் தெரிந்தது. அழகான காட்சிதான், ஆனால் பார்ப்பவர் உடனே, இது பொம்மை, இது சொட்டு என்று பிரித்துவிடுவார். தண்ணீரின் புறப்பரப்பு இழுவிசைக்கு எதிரில் இருப்பது பெண்ணா பொம்மையா என்ற வேறுபாடு இல்லை.

வெயில் மட்டும்தான் பொம்மைக்கு ஏற்பத் தானாகவே சிறுத்துக்கொள்கிறது என்பதைக் கண்டறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. சூரியன் வெகு தொலைவில் இருப்பதால், நிழலின் ஓரம் எவ்வளவு மங்க வேண்டும் என்பதை, நிழல் விழும் தூரமே முடிவுசெய்கிறது. பொம்மைக்கு அந்தத் தூரம் ஆறில் ஒரு பங்கு. மங்கலும் ஆறில் ஒரு பங்கு. அதனால் மாலை வெயிலில் சுவரோரம் நிற்கும் பொம்மையின் நிழல், மாலை வெயிலில் நிற்கும் பெண்ணின் நிழலைப் போலவே இருக்கும். ஜன்னல் வெளிச்சம் அப்படியன்று. ஒரு மீட்டர் அகலமுள்ள ஜன்னல், அவளுக்கு ஆறு மீட்டர் அகலமான ஒளிச்சுவர். அவள் முகத்தில் நிழலே விழாமல் எல்லாம் வெளுத்துப்போகும். ஜன்னலைக் கறுப்புத் தாளால் மறைத்து, ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்கு மட்டும் வெளிச்சத்தை உள்ளே விட்டால், அவள் ஓர் அறைக்குள் இருக்கிறாள் என்பதைக் கண் ஏற்றுக்கொள்கிறது.

கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மனிதரை முழு உருவமாக எடுக்க மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறோம் என்றால், பொம்மைக்கு அரை மீட்டர் வரை நெருங்க வேண்டும். தூரம் ஆறு மடங்கு குறையும்போது, தெளிவாக விழும் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாக மங்காமல் இருக்கும் தூரம், ஏறத்தாழ முப்பத்தாறு மடங்கு குறைந்துவிடும். பெரிய சென்சார் உள்ள முழுச்சட்ட கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸின் ஒளித்துளையை எஃப்/4 என்ற அளவில் திறந்து வைத்தால், மனிதருக்கு ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் ஆழம் தெளிவாகக் கிடைக்கும் இடத்தில், பொம்மைக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் கிடைக்கும். மூக்கு தெளிந்தால் பின்னால் நீட்டிய கை மங்கும். அந்த மங்கல்தான் பொம்மையைப் பொம்மை என்று காட்டிக்கொடுக்கிறது. எனவே ஒளித்துளையை எஃப்/11 வரை சுருக்கி, கேமராவை டிரைபாடில் நிறுத்தி, நீண்ட நேரம் ஒளியை உள்ளே விட வேண்டும். பொம்மை அசையாது என்பது இந்தக் கலையின் பெரிய வசதி. விலை உயர்ந்த கேமரா இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. கைபேசியின் சிறிய சென்சார் அதிக ஆழத்தைத் தெளிவாகத் தருகிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியம் உயரம். லென்ஸ் அவளுடைய கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் மேசைமேல் கிடக்கும் பொருளாகத்தான் தெரிவாள்.

நிற்கும் விதமும் அப்படியே. முதல் பார்பிக்குக் கழுத்து, தோள், இடுப்பு ஆகிய இடங்களில் மட்டும்தான் அசைவு இருந்தது. பிற்காலத்தில் வந்த ‘மேட் டு மூவ்’ வகைக்கு 22 அசைவிடங்கள் உண்டு. ஆனால் மூட்டுகள் இருந்துவிட்டால் போதாது. ஒரு காலில் உடலின் பாரத்தை இறக்கி, இடுப்பைச் சற்றே சாய்த்து, தோளை எதிர்ப்புறம் திருப்பி, நம் சிற்பிகள் திரிபங்கம் என்று சொன்ன அந்த மூன்று வளைவுகளைக் கொண்டுவந்தால்தான் உடம்புக்கு எடை இருப்பதுபோலத் தோன்றும். பழைய ஓரக்கண் பொம்மைகளிடம் கேமரா அவர்கள் பார்வை போகும் திசைக்குச் செல்ல வேண்டும். நேராகப் பார்க்கும் பார்பி 1971-இல்தான் வந்தாள்.

புகைப்படம் ஒரு பொம்மையின் தலைவிதியையே மாற்றியதும் உண்டு. 1972-இல் கென்னர் நிறுவனம் பிளைத் என்ற பொம்மையை வெளியிட்டது. பெரிய தலை, தலைக்குப் பின்னால் உள்ள நூலை இழுத்தால் கண்கள் நான்கு நிறங்களில் மாறும். விற்பனை ஓராண்டோடு நின்றுபோயிற்று. கால் நூற்றாண்டு கழித்து, ஜீனா காரன் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு பழைய பிளைத்தைத் தம்மோடு எடுத்துச் சென்று, போன இடங்களில் எல்லாம் படமெடுத்து, 2000-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஜப்பானின் தகாரா நிறுவனம் பிளைத்தை மீண்டும் தயாரித்தது. இன்று அவளை நாடி உலகெங்கும் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அலமாரியில் வைத்திருந்தால் இது நடந்திருக்குமா என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இதனால்தான், பெட்டியைத் திறக்கலாமா கூடாதா என்ற பழைய விவாதத்தில் நான் திறப்பவர் பக்கம் நிற்கிறேன். திறக்காத பெட்டிக்கு விலை கூடும் என்பது உண்மை. ஆனால் பெட்டிக்குள் பொம்மை பத்திரமாக இருக்கிறது என்பது முழு உண்மையன்று. கட்டிவைத்த ரப்பர் வளையங்கள் நாளடைவில் இற்று, தோலில் பழுப்புத் தழும்பாகப் பதிந்துவிடும். பழைய வினைல் பொம்மைகளில், நெகிழ்வுக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெளியே கசிந்து கால்கள் பிசுபிசுக்கும். 1960-களின் பொம்மைகளில் உலோகத் தோடு வினைலோடு வினைபுரிந்து காதைச் சுற்றிப் பச்சையாகப் படர்வதைச் சேர்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன். கருநீல வெல்வெட் அங்கி அணிந்த ஒரு பொம்மையை இரண்டு ஆண்டுகள் அப்படியே விட்டுவிட்டேன். கழற்றியபோது தொடை முழுவதும் நீலம் ஏறியிருந்தது. பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்ஸைடு களிம்பைத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, நாள்கணக்கில் வெயிலில் வைத்தபின் கறை பெரும்பாலும் போயிற்று. ஆனால் அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிட ஒரு சாயல் வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து அடர்நிற உடைக்குள் வெள்ளை உள்ளாடை ஒன்று தைத்துப் போடாமல் நான் எந்தப் பொம்மைக்கும் உடுத்துவதில்லை.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. பார்பியின் முதுகின் கீழ்ப்புறம் 1966 என்று பொறித்திருப்பதைக் கண்டு பழம்பொருள் என்று மயங்கி அதிக விலை கொடுக்காதீர்கள். அது அந்த உடல் அச்சுக்குரிய காப்புரிமை ஆண்டு. 1990-களில் வந்த பொம்மைகளிலும் அதே எண் இருக்கும். எனக்கு விற்றவருக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பொம்மை இன்றும் என்னிடம் இருக்கிறாள். மழைப் படத்துக்கு நான் நிறுத்திவைப்பது அவளைத்தான்.

அந்தப் படம் இன்னும் கைகூடவில்லை. சொட்டுகளை விட்டுவிட்டு, நுண்ணிய தூறலாகத் தெளிக்கும் ஒரு புட்டியைக் கொண்டு முயன்று வருகிறேன். தெளித்த முதல் சில விநாடிகள் அவள் கூந்தலில் பனிபோலப் படிந்திருக்கும் ஈரம், பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து கோலிக்குண்டாகத் திரண்டுவிடுகிறது. அந்தச் சில விநாடிகளுக்குள், மாலை வெயில் அவள் தோளில் இருக்கும்போதே, படத்தை எடுத்துவிட வேண்டும். இந்த வாரமும் முயல்வேன்.

நன்றி, வணக்கம்.