ஒரு சென்ட் நிலமும் இல்லாத ஊர்

(கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில், தாய்லாந்தில் நான் வாழ்வதைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு ‘வெப்பமண்டல நாட்டில் ஒரு வாழ்வு’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அச்சடித்த தம்பியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து கணக்குப் பார்த்தால் நம் கோபி ஏறக்குறைய 11.5 பாகையில் இருக்கிறது, பாங்காக் 13.75 பாகையில். வெப்பமண்டலத்துக்குள் ஆழமாக உட்கார்ந்திருப்பது நாம்தான்!

வித்தியாசம் மழையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது நமக்கு மேற்கே மலை நின்று மறித்துக்கொள்கிறது. மழையை மலையாளத்துக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குக் காற்று மட்டும் வருகிறது. அதே பருவக்காற்று வங்கக்கடலையும் அந்தமான் கடலையும் கடந்து தாய்லாந்தின் மேற்குக் கரையில் மோதுகிறது. அங்கே ரனோங் என்றொரு மாவட்டம் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. கோயம்புத்தூரில் பெய்வது 700 சொச்சம். அங்கே முதல்முறை போனபோது, கிணற்றில் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் நின்றதைப் பார்த்துச் சும்மா ஒரு மணி நேரம் அந்த மேட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புகை மட்டுமே பார்த்த ஊர்க்காரன் வேறென்ன செய்வான்?

கடற்கரையைப் பார்த்து மயங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் போனது வேலைக்கு. கோவையில் நூல் மில் இயந்திரங்களை எரெக்‌ஷன் செய்து, அதாவது பொருத்தி நிறுத்திக் கொடுக்கும் ஃபிட்டராக இருந்தவன். 2011-இல் மூன்று மாத வேலை என்று அயுத்தயா பக்கம் ஒரு மில்லுக்கு அனுப்பினார்கள். நூல் நூற்கிற ரிங் ஃபிரேம்களை வரிசையாக நிறுத்தி, மட்டம் பார்த்து, ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அக்டோபரில் சாவ் பிரயா ஆறு பெருகியது. அந்த ஆண்டு வெள்ளத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அயுத்தயாவிலும் பதும்தானியிலும் ஏழு தொழிற்பேட்டைகள் மூழ்கின. எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நாங்கள் மட்டம் பார்த்து நிறுத்திய இயந்திரங்கள் ஆள் உயரத் தண்ணீருக்குள் வாரக்கணக்கில் நின்றன.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கீழ்பவானி வாய்க்காலில் ஒரு மடைத் தண்ணீருக்காக என் தாத்தாவும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் பதினெட்டு வருடம் பேசாமல் இருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்தவன், எங்கே பார்த்தாலும் தண்ணீராக இருந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஒரு வீட்டின் மாடியில் இருந்தேன். அந்த வீட்டு அம்மாள் பெயர் கூட எனக்குத் தெரியாது. ஒன்பது நாள் சோறு போட்டார். படகில் போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வருவார். முதல் பாட்டில் என் கைக்கு வரும், பிறகுதான் அவர் பிள்ளைக்கு. வெள்ளம் வடிந்ததும் மில் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். அவர்கள் வீடுகளும் சேற்றில்தான் கிடந்தன. வந்து பேரிங்குகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவ உட்கார்ந்தார்கள். ஒருவரும் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். மனதைப் பறிகொடுத்த நாள் எது என்று கேட்டால் நான் அந்த நாளைத்தான் சொல்வேன். மூன்று மாத வேலை இத்தனை ஆண்டுகளாக நீண்டுவிட்டது.

அந்த மொழியில் எனக்குப் பிடித்த ஒன்றை இந்த மண்ணில் சொன்னால்தான் புரியும். தாய்லாந்து மொழியில் மரியாதை வேண்டுமென்றால் வாக்கியத்தின் கடைசியில் ஒரு சின்னச் சொல்லை ஒட்டுவார்கள். ஆண்கள் ‘க்ரப்’ என்பார்கள், பெண்கள் ‘கா’ என்பார்கள். அதற்குத் தனியாகப் பொருள் கிடையாது. அதை விட்டுவிட்டால் பேச்சு மொட்டையாகிவிடும். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை இதை ஒரு வாரம் விளக்கத் தயாராக வந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அது நம்முடைய ‘ங்க’! வாங்க, போங்க, சொல்லுங்க, ஏனுங்க. சென்னைக்குப் போன புதிதில் என் ‘ங்க’வைக் கேட்டுச் சிரித்தார்கள். பாங்காக்கில் யாரும் சிரிக்கவில்லை. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ‘பீ’ என்பார்கள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் அந்த ஒரே சொல். மில்லில் என்னை எல்லோரும் பீ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சீனிவாசன், சிவலிங்கம் என்று நாக்கை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை அவர்களுக்கு.

எனக்கு வராத பாடம் இன்னொன்று. நம் மில்களில் ஸ்பின்னிங் மாஸ்டர் சத்தம் போட்டால்தான் வேலை நடக்கிறது என்று ஒரு நம்பிக்கை. அங்கே ஒரு பையனை நான்கு பேர் முன்னால் சத்தம் போட்டேன். அவன் சிரித்தான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மேற்பார்வையாளர் என்னிடம் வந்து, ‘ஜாய் யென்’ என்று மட்டும் சொன்னார். மனம் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பொருள். கோபம் வந்தால் ‘ஜாய் ரோன்’, சூடான மனம். நாமும் மனம் குளிர்ந்தது, வயிறு எரிந்தது என்று சொல்கிறவர்கள்தான். ஆனால் அதை வேலையிடத்து ஒழுங்காக வைத்துக்கொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

இனி வேலைக் கதை. தெற்கே கிராபி மாவட்டத்தில் குலோங் தோம் என்ற ஊரில் ஒரு சின்ன உரைகல் கிடைத்தது. பொன்னை உரசி மாற்றுப் பார்க்கும் கல். அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. பெரும் பத்தனுடைய கல் என்று படித்திருக்கிறார்கள். கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு. பத்தன் என்றால் பொற்கொல்லன். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் பேசுகிற ஒருவர் தொழில் கருவியில் தன் பெயரைப் பொறித்து அங்கே இருந்திருக்கிறார். எந்த ஊரிலிருந்து போனார் என்பதற்குச் சான்று இல்லை. நொய்யல் கரையில் நம் கொடுமணலில் மணிகள் செய்தார்கள், பானை ஓடுகளில் பெயர் எழுதினார்கள் என்பதால் நம்மூர்க்காரர் என்று சொல்ல எனக்கு வாய் துடிக்கிறது. சொல்ல மாட்டேன். அதற்குப் பின் ஒன்பதாம் நூற்றாண்டில் அதே நாட்டின் மேற்குக் கரையில் உள்ள தகுவாபாவில் ஒரு குளம் வெட்டி, ‘அவனிநாரணம்’ என்று பெயரிட்டு, அதை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரின் காவலில் வைத்ததாகத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. போன இடத்திலும் குளம் வெட்டுகிறவன் தமிழன்தான்.

ஆனால் அந்தப் பெரும் பத்தன் இன்று விமானத்தில் போய் இறங்கினால் அவருக்கு வேலை கிடையாது. தாய்லாந்தில் வெளிநாட்டவர் செய்யக்கூடாத தொழில்கள் என்று ஒரு பட்டியலைச் சட்டமாக வைத்திருக்கிறார்கள். பொன் வெள்ளி நகை செய்வது அதில் இருக்கிறது. கைத்தறி நெசவு இருக்கிறது. ஆகவே சென்னிமலைக்காரர்களுக்கும் வழியில்லை. முடி வெட்டுவது, வண்டி ஓட்டுவது, தெருவில் கடை போடுவது எல்லாம் அவர்கள் மக்களுக்கே. எனக்கு இதில் குறை கிடையாது. நம் வேலையை வெளியாள் எடுத்துக்கொண்டான் என்று திருப்பூரில் நாம் பேசுகிற பேச்சு எனக்கும் தெரியும்.

வேலை கிடைப்பதற்கு நிறுவனம் முன்வர வேண்டும். பொதுவாக ஒரு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ள அந்த நிறுவனத்துக்கு இருபது லட்சம் பாட் (அந்த நாட்டுப் பணம்) மூலதனமும் நான்கு தாய்லாந்து ஊழியர்களும் இருக்க வேண்டும். வேலை உரிமம் அந்த நிறுவனத்துக்கும் அந்த வேலைக்கும் மட்டும். வேலை போனால் தங்கும் உரிமையும் கூடவே போய்விடும்.

ஓய்வுக்கால விசா வேறு வாசல். ஐம்பது வயது நிறைந்திருக்க வேண்டும். அங்கேயுள்ள வங்கியில் எட்டு லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும். ரூபாயில் இருபது லட்சத்துக்கு மேல். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை நீட்டிப்பு. தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை, நான் இன்ன முகவரியில்தான் இருக்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும். இந்த விசாவில் வேலை செய்யக்கூடாது. இதைத்தான் இங்கே பலர் கவனிப்பதில்லை. ‘போய் உட்கார்ந்துகொண்டு சும்மா இரண்டு மில்லுக்கு ஆலோசனை சொன்னால் செலவுக்கு ஆயிற்று’ என்று என்னிடமே கணக்குச் சொன்னார்கள். கூலி வாங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். உழைத்துக்கொண்டே ஓய்வெடுப்பது நம் ஊர்ப் பழக்கம். எண்பது வயதிலும் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பார்கள். அந்தச் சட்டத்துக்கு அது புரியாது. ஐம்பத்தெட்டில் என் வேலை உரிமம் முடிகிற நாளில் கைக்கருவிப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே யோசனை.

அடுத்தது நிலம். இதை நான் வீட்டில் சொன்னபோது நடந்ததை அப்படியே சொல்கிறேன். அம்மா திண்ணையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

“அங்கே எத்தனை ஏக்கர் வாங்குவாய்?”

“வெளிநாட்டுக்காரர்கள் பெயரில் நிலம் வாங்க முடியாதுங்க அம்மா.”

“ஐந்து சென்ட்?”

“ஒரு சென்ட்கூட முடியாதுங்க. அடுக்குமாடியில் வீடு வாங்கலாம். அதுவும் ஒரு கட்டடத்தில் நூற்றுக்கு நாற்பத்தொன்பது பங்கு வரைதான் வெளியாட்களுக்கு. நிலத்தை முப்பது வருடம் குத்தகைக்கு எடுக்கலாம்.”

அம்மா காய்களை முறத்தில் ஒதுக்கினார். “அப்படியென்றால் அங்கே நீ அடுத்தவன் நிலத்தை வாரத்துக்கு ஓட்டுகிற ஆள்” என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. பெண் பார்க்கப் போனால் முதலில் தோட்டம் எவ்வளவு, கிணறு எத்தனை என்று கேட்கிற நாட்டில் இருந்து போகிறவன் நான். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப்போட்டுப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று காதோடு சொல்கிற தரகர்கள் இருக்கிறார்கள். அது சட்டத்துக்குப் புறம்பு, இருப்பதும் போகும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளிநாட்டில் குடியிருப்பவன் என்ற கணக்குக்கு வந்த பிறகு, நான் இங்கேயும் விவசாய நிலம் வாங்க முடியாது. ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதைப் பெறலாம், அவ்வளவுதான். இரண்டு நாட்டிலும் ஒரு சென்ட் வாங்க வழியில்லாதவன் உங்கள் முன்னால் மைக் பிடித்து நிற்கிறேன். ஆகவே இங்கே இருக்கிற மூன்றரை ஏக்கரை விற்கவில்லை. விற்றுவிட்டுப் போகலாம் என்று யோசிக்கிறவர்கள் பின்னால் என்னிடம் தனியாக வாருங்கள், திட்ட வேண்டும்.

வரிக் கணக்கை விரிவாகப் பேச நான் ஆடிட்டர் இல்லை. 2024 ஜனவரி முதல், ஒரு ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ அங்கே தங்குகிறவர்கள் வெளியிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கும் அங்கே வரிக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்தியாவோடு இரட்டை வரி ஒப்பந்தம் உண்டு. தெரிந்த ஆளிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, இறந்த செய்தி இரவு பதினொரு மணிக்கு வந்தது. கையில் கிடைத்த விமானத்தில் ஏறினேன். அங்கே விசா நீட்டிப்பு வாங்கியவர்கள் நாட்டைவிட்டு வெளியே போவதற்கு முன் ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்க வேண்டும். ஒரு முறைக்கு ஆயிரம் பாட். விமான நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். நான் அந்த மேசையைத் தாண்டி ஓடியிருக்கிறேன். காரியம் முடித்துத் திரும்பியபோது என் நீட்டிப்பு செத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இப்போது பலமுறை போய்வரும் பெர்மிட்டை ஆண்டுத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுகிறேன், 3,800 பாட். வாய்க்காலில் தண்ணீர் விடுகிற ஆகஸ்டில் ஊருக்கு வருவதற்கு அதுதான் சீட்டு.

வயதான அண்ணன் ஒருவர் முன்வரிசையிலிருந்து ஒரு கேள்வியைக் கேட்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியும் அண்ணா. அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதானே? அவர்கள் பௌத்தர்கள், நம்மைப் போலவே எரிக்கிறவர்கள். பெரும்பாலான விகாரைகளில் புகைபோக்கி வைத்த தகன மேடை இருக்கிறது. எங்கள் தெருவில் உள்ள விகாரையின் மூத்த துறவியிடம் கேட்டேன். ‘அதற்கென்ன, வா’ என்று, சாப்பிடக் கூப்பிடுவதுபோல் சொன்னார். சாம்பல் பவானி கூடுதுறைக்கு வந்துவிட வேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மாவிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதற்கும் அந்தப் பெர்மிட் வாங்க வேண்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாங்க அம்மா. அது திரும்பிப் போகாது.”