பிரேக் அப்: காதல் முறிவுக்கு மட்டும் இல்ல

[திரையில்: இருட்டு வானத்தில் வரிசையாக ஒளிப்புள்ளிகள்]

வணக்கம். முத்துமாலை மாதிரி தெரியுதே, இது எல்லாம் சேர்ந்து ஒரு காலத்துல ஒரே வால்நட்சத்திரம். பேரு ஷூமேக்கர்-லெவி 9. 1992-ல வியாழனுக்கு ரொம்பக் கிட்டப் போச்சு. வியாழனோட ஈர்ப்பு விசை அதைத் துண்டு துண்டாக்கிடுச்சு. 1994 ஜூலையில அந்தத் துண்டுகள் ஒவ்வொண்ணா வியாழன் மேலயே போய் மோதுச்சு.

இதை இங்கிலீஷ்ல ஒரே வரியில சொல்லிடலாம்: "தி காமெட் ப்ரோக் அப்."

பிரேக் அப்னாலே நமக்குக் காதல்தான் ஞாபகம் வருது. ஆனா பெரிய ஒண்ணு சின்னச் சின்னப் பகுதியாப் பிரிஞ்சா, எதுக்கும் இதைச் சொல்லலாம். கை தவறி டம்ளர் உடைஞ்சா மட்டும் 'அப்' வேண்டாம், வெறும் 'ப்ரோக்' போதும்.

[திரையில்: மூன்று வாக்கியங்கள், ஒன்றன்கீழ் ஒன்று]

இப்ப, எது உடைச்சதுன்னும் சொல்லணும். "ஜூபிட்டர்ஸ் கிராவிட்டி ப்ரோக் அப் தி காமெட்." காமெட்டை நடுவுல வச்சு, "ப்ரோக் தி காமெட் அப்"னும் சொல்லலாம். ரெண்டும் சரி. ஆனா காமெட்டுக்குப் பதிலா 'இட்' போட்டீங்கன்னா அதுக்கு ஒரே இடம்தான், நடுவுல: "ப்ரோக் இட் அப்." "ப்ரோக் அப் இட்" தப்பு. தமிழ்ல 'அதை'ங்கிற சொல்லை முன்னாடி பின்னாடி மாத்திப் போட்டுப் பழகினவங்க நாம, அதனால இங்கதான் நிறையப் பேர் தடுமாறுறாங்க. வாய்விட்டுச் சொல்லுங்க: பிரேக் இட் அப். பிரேக் தெம் அப்.

[திரையில்: பழைய எண்ணெய்க் கிணறுகள்]

எத்தனை துண்டுன்னு சொல்ல 'இன்டு' சேருங்க. ராக்ஃபெல்லரோட ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியைப் பிரிக்கணும்னு 1911-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. "ஸ்டாண்டர்ட் ஆயில் வாஸ் ப்ரோக்கன் அப் இன்டு தர்ட்டி ஃபோர் கம்பெனீஸ்." வேலையைப் பகுதி பகுதியாப் பிரிச்சுக்கிறதுக்கும் இதே அமைப்புதான்.

கடைசியா, நாளைக்கே கைகொடுக்கிற ஒண்ணு. ஆன்லைன் இன்டர்வியூல எதிர்ல பேசுறவர் குரல் விட்டு விட்டுக் கேட்குது. பதறாம, "சாரி, யூ ஆர் பிரேக்கிங் அப்"னு சொல்லுங்க. குரல் துண்டு துண்டா வருதுன்னு உடனே புரிஞ்சுக்குவாங்க. 'அப்'க்குப் பதிலா 'டவுன்' மட்டும் போட்டுடாதீங்க. "யூ ஆர் பிரேக்கிங் டவுன்"னா, நீங்க மனசு உடைஞ்சு அழுறீங்கன்னு அவர்கிட்டயே சொல்ற மாதிரி ஆயிடும்.