இளவேனிலில் மலையைப் படமெடுத்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி, தை மாத உறைபனியில் கருகிப் பழுப்பேறிக் கிடக்கும் நீலகிரிப் புல்வெளி, கோடை மழை ஓரிரு முறை பெய்ததும் மீண்டும் பச்சை பிடிக்கத் தொடங்குகிறது. அதே காலத்தில் சோலைக்காடுகளில் மரங்கள் துளிர்விடுவதால், தொலைவிலிருந்து பார்க்கும்போது காட்டின் மேற்பரப்பு செம்பு நிறமும் செந்நிறமும் இளமஞ்சளும் கலந்து காட்சியளிக்கிறது. கேமராவோடு மலையேறுவோருக்கு இதைவிட நல்ல பருவம் இல்லை என்றே சொல்வேன். ஆனால் அவர்களில் பலரும் 500 மில்லிமீட்டர் லென்சைப் பொருத்திக்கொண்டு, விலங்கின் முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுத்துத் திரும்பிவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. விலங்கையும் அது வாழும் நிலத்தையும் ஒரே படத்துக்குள் கொண்டுவருவதே இப்பருவத்துக்கு ஏற்ற முறை என்பது என் கருத்து.

வரையாட்டையே எடுத்துக்கொள்வோம். சங்கப் பாடல்களில் வருடை என்ற பெயரில் வருகிற, இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்காக இருக்கிற இவ்வாடு, பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குட்டி ஈனுகிறது. ஓர் ஈற்றில் பொதுவாக ஒரு குட்டிதான். அந்தப் பருவத்தில் முக்குருத்தி தேசியப் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவைப்பதன் காரணமும் இதுதான். பூங்கா திறந்த பிறகு, முறையான அனுமதியோடு செல்பவர்களும் குட்டியோடு நிற்கும் தாயை நெருங்க முயலக் கூடாது. மேய்ந்துகொண்டிருக்கும் ஆடு தலையைத் தூக்கி, காதுகளை நிமிர்த்தி, அசையாமல் நம்மையே பார்க்கத் தொடங்கினால், வேண்டியதற்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள். சீழ்க்கை போன்ற எச்சரிக்கை ஒலி எழுந்துவிட்டாலோ, படத்தை மறந்து பின்வாங்க வேண்டியதுதான்.

தொலைவிலேயே நின்று 100 மில்லிமீட்டர் லென்சில் எடுத்துப் பாருங்கள். படத்தின் ஒரு மூலையில் தாயும் குட்டியும் சிறியனவாக நிற்கும். அவற்றின் பின்னால் மேய்ச்சல் புல்வெளி, காலடியில் செங்குத்தாக இறங்கும் பாறைச்சுவர், அதற்கும் கீழே மேற்கிலிருந்து ஏறிவரும் மேகம் ஆகியவை இடம்பெறும். புல்வெளியில் மேய்ந்து, ஆபத்து வந்தால் பாறைச்சரிவில் இறங்கித் தப்பிக்கும் அந்த உயிரின் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு படமே சொல்லிவிடும். முகத்தை மட்டும் எடுத்த படம், அது உயிர்க்காட்சிச்சாலையில் எடுத்ததா மலையில் எடுத்ததா என்பதைக்கூடச் சொல்லாது. முதுமலை யானைகளைக் கருப்பு வெள்ளையில் பதிவுசெய்த மா. கிருஷ்ணனுக்கு (1912–1996) இன்றைய தொலைநோக்கு லென்சுகளோ தானியங்கிக் குவியமோ கிடைக்கவில்லை. ஆயினும் அந்தப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

இனி ஒளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். துளிர்விட்ட சோலையை உச்சி வெயிலில் எடுத்தால், இலைகள் வெள்ளையாக மினுங்கும், இடைவெளிகள் கரும்பொட்டுகளாகிவிடும். மெல்லிய மேகம் மூடியிருக்கும் வேளையில், இலைப்பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைப் பொருத்தி எடுத்தால், ஒவ்வொரு மரத்தின் நிறமும் தனித்துத் தெரியும். மூடுபனியில் கேமராவின் ஒளிமானி ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும் என்பதால், அங்கே ஒரு நிறுத்தம் (stop) கூட்டி, அதாவது ஒளியை இருமடங்காக்கி எடுக்க வேண்டும்.

காட்டுப்பூவரசுக்கு, அதாவது ரோடோடென்ட்ரானுக்கு, இதற்கு நேர்மாறான கணக்கு. உறைபனியையும் காட்டுத்தீயையும் தாங்கிப் புல்வெளியின் நடுவே முறுக்கிய உடலோடு நிற்கும் இம்மரத்தின் பூக்கொத்து, நேர்வெயிலில் சிவப்பு மிகுந்து வெறும் திட்டாகப் பதிந்துவிடும். ஒளியைச் சற்றுக் குறைத்தால்தான் இதழின் மடிப்பும், உட்புறத்திலுள்ள கரும்புள்ளிகளும், மகரந்தத்தாள்களும் படத்தில் வரும். பூத்த மரத்தருகே ஓரிடத்தில் அமைதியாக உட்கார்ந்துவிட்டால், தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் தாமாகவே வந்து சேரும். அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கூட்டைப் படமெடுப்பதை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டுகிறேன். நீலகிரி ஈப்பிடிப்பானும் நீலகிரி சிரிப்பானும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் இது. தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கூட்டை மறைக்கும் ஒரு கிளையை ஒதுக்கினாலும், அக்கூடு வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்துவிடப்படுகிறது. பதிவுசெய்த குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் தவறு. இரை தேட வேண்டிய நேரத்தில், இல்லாத எதிரியைத் தேடி அது அலைகிறது. கோத்தகிரிக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலை 2024-இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அத்தகைய காட்டுக்குள் நம் குரலையும் தாழ்த்திக்கொள்வதே முறை.

நிலக்காட்சிக்கென்றே வருபவர்கள் சமவெளியின் தூசியையும் புகையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாசி, பங்குனியில் கொடநாடு காட்சிமுனையில் நின்றால், கீழே மாயாறு பள்ளத்தாக்கு வெளிறிய சாம்பல் போர்வைக்குள் மறைந்திருப்பதே வழக்கம். எந்த வடிகட்டியும் அதை முழுமையாக நீக்காது. சித்திரையில் பிற்பகல் இடிமழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியலில் அங்கே சென்றால், காற்று கழுவிவிடப்பட்டிருக்கும். பள்ளத்தாக்கிலுள்ள தெங்குமரஹடா கிராமத்தின் வயல்களும் வளைந்தோடும் ஆறும் தெளிவாகத் தெரியும். வெயில் ஏறி, பள்ளத்தாக்கிலிருந்து வெப்பக்காற்று மேலெழும்பத் தொடங்கினால் தொலைதூரக் கோடுகள் நடுங்கும்; ஆகையால் காலை எட்டு மணிக்குள் எடுத்து முடித்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.