தவணை தவறிடுச்சா? 90 நாள் கணக்கைப் பாருங்க

வணக்கங்க. வேலூர், காட்பாடி பக்கம் வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாம திணறுறவங்களுக்கு இந்த வீடியோ.

முதல்ல நாள் கணக்கு. ஜூன் 5 தவணை நின்னுபோச்சுன்னா, அன்னியிலேருந்து 90 நாள். அதைத் தாண்டினா கணக்கு வாராக்கடன், அதாவது வசூலாகாத கடன்னு பேங்க் வகைப்படுத்திடும். அதுக்குள்ள ஒரு தவணையை முழுசா கட்டினா அது பழைய பாக்கிக்குப் போகும், நாள் கணக்கு ஜூலை 5-க்கு நகரும். ஆனா தவணை திரும்பிப்போனதுக்குப் போடுற அபராதத்தை, அதான் பவுன்ஸ் சார்ஜை, பேங்க் முதல்ல பிடிச்சுட்டா ஜூன் தவணையில 500, 600 பாக்கி நிக்கும், நாள் நகராது. அதையும் சேர்த்துக் கட்டிட்டு ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்க. வாராக்கடன் ஆயிட்டா நின்னுபோன தவணை பாக்கி மொத்தத்தையும் தீர்த்தாத்தான் பழைய நிலைக்கு வரும்.

மேனேஜர்கிட்ட வாயால பேசினது எதுவும் நிக்காது. மறுசீரமைப்பு, அதாவது தவணையை மாத்தி அமைக்கச் சொல்லிக் கேட்டு மனு எழுதி, சம்பளச் சீட்டு வச்சு, நகல்ல சீல் வாங்குங்க. கடன் காலத்தை நீட்டுறேன்னு பேங்க்ல சொன்னா உடனே தலையாட்டாதீங்க. 15 லட்சம், 9 சதவீதம், 20 வருஷத்துக்கு மாசம் சுமார் 13,500. 25 வருஷமாக்கினா 12,590. மாசம் 900 ரூபாய் மிச்சத்துக்கு மொத்தத்துல 5 லட்சத்துக்கு மேல கூட போகும்! சம்பளம் பாதியா குறைஞ்சவங்களுக்கு இந்த 900 எந்த மூலைக்கு?

கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை பேங்க் எடுத்து விக்க வழி கொடுக்கிறதுதான் சர்ஃபேசி சட்டம். அதோட 13(2) பிரிவுல பாக்கியைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தா 60 நாள் டைம். போஸ்ட்மேனைத் திருப்பி அனுப்பாதீங்க. கதவுல ஒட்டினாலும் கொடுத்ததாத்தான் கணக்கு. தொகை தப்புன்னா எழுத்துல ஆட்சேபணை கொடுங்க, 15 நாள்ல பதில் சொல்லியாகணும். அசல், வட்டியில பாக்கி 20 சதவீதத்துக்குக் கீழன்னா இந்தச் சட்டமே செல்லாது, இதைப் பலபேர் கவனிக்கிறதில்ல.

உதவிக்கு சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, போன் 15100. பெண்கள், எஸ்சி எஸ்டி, தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல். லோக் அதாலத்துல, அதான் மக்கள் நீதிமன்றத்துல, சமரசம் பேசலாம், ஆனா கையெழுத்துப் போட்டா அப்பீல் கிடையாது. பணம் கட்ட வேண்டிய கெடு தேதியைப் படிச்சுட்டுப் போடுங்க.

வீட்டை பேங்க் தன் வசம் எடுத்துக்கிட்டதா சொல்ற சுவாதீன நோட்டீஸ் ஒட்டிட்டா 45 நாளுக்குள்ள சென்னை கடன் வசூல் தீர்ப்பாயம் போகணும். ஏல அறிவிப்பு வெளியாகுறதுக்கு முன்னாடியே முழுத்தொகையும் கட்டினாத்தான் வீட்டை மீட்கிற உரிமை. ஏலத்தன்னிக்குப் பணப்பையோட போய் நின்னா பிரயோஜனமில்ல.